சுவர் தின்ற முட்டையைப் பிள்ளைகளுக்கு மறுக்காதீர்கள்

விடுதி நிர்வாகக் குழுவின் தலைவர் ஐயா அவர்களுக்கும், குழுவில் இருக்கும் ஐயாமார், ஆச்சிமார் அனைவருக்கும்,

போன வாரம் நம் மாணவியர் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தின் தூணில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து விடுதியில் முட்டை வழங்கப்பட மாட்டாது. அதற்குப் பதிலாக வாழைப்பழம் வழங்கப்படும்." கீழே முத்திரை, கையெழுத்து. ஏன் என்று ஒரு வரிகூட இல்லை. அலுவலக அறையில் போய்க் கேட்டேன். ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து நான்கு நாள் சும்மா இருந்து பார்த்தேன். முடியவில்லை. உங்களுக்கு மட்டும் எழுதினால் கோப்புக்குள் போய்விடும் என்பதால் ஊருக்கும் தெரியும்படி எழுதுகிறேன்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். காரைக்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களில் முப்பத்தாறு வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்து 2021-ல் ஓய்வு பெற்றவள். "சும்மாதானே இருக்கிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து நம் விடுதிச் சமையலைக் கொஞ்சம் பாருங்கள்" என்று கூப்பிட்டது நீங்கள்தான். அன்றிலிருந்து வருகிறேன். சம்பளம் கேட்டதில்லை, இனியும் கேட்கப்போவதில்லை. ஆனால் பார்க்கச் சொல்லிவிட்டு, பார்த்ததைச் சொல்லாதே என்றால் என்னால் ஆகாது.

விடுதி நடக்கும் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். வெளியூர் விருந்தாளி யார் வந்தாலும் முகப்பைத் தாண்டி வளவு என்னும் உள்முற்றத்துக்குள் நுழைந்ததும் அவர்களை நிறுத்தி, சுவரைத் தடவிப் பார்க்கச் சொல்வீர்கள். பளிங்கு மாதிரி இருக்கும். அவர்கள் ஆச்சரியப்பட்டதும், "சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய பூச்சு. நூறு வருஷமாக வெள்ளையடிக்கவே இல்லை" என்பீர்கள். நானே இருபது தடவையாவது கேட்டிருப்பேன். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், தேவகோட்டை என்று எந்தப் பெரிய வீட்டுக்குப் போனாலும் இதே பெருமைதான். நியாயமான பெருமை. அந்தச் சுவரில் கூடை கூடையாக முட்டை போயிருக்கிறது. அந்தச் சுவரிலிருந்து பத்தடி தள்ளித்தான் இப்போது இந்தத் தாள் தொங்குகிறது.

என் அப்பத்தா சின்ன வயதில் இப்படிப்பட்ட ஒரு வீடு கட்டும்போது சித்தாள் வேலைக்குப் போனவர். "வெள்ளைக்கரு செவத்துக்கு, மஞ்சக்கரு நம்ம சட்டிக்கு" என்பார். கொத்தனார் முட்டையை உடைத்து வெள்ளையை வழித்துக்கொண்டதும், மிச்சத்தை ஒரு மண்சட்டியில் ஊற்றிக் கொடுத்துவிடுவார்களாம். அதில் வெங்காயமும் மிளகும் போட்டுக் கிண்டி, வேலையாட்களின் பிள்ளைகள் தின்பார்களாம். முதலாளி வீட்டார் அதை ஒரு தர்மமாகக்கூட நினைத்திருக்க மாட்டார்கள், தூக்கிப் போடுவதைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் சத்துணவுப் பயிற்சியில் முட்டையைப் பற்றிப் படித்தபோது எனக்கு அப்பத்தாவின் சட்டிதான் ஞாபகம் வந்தது. வெள்ளைக்கருவில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரும் புரதமும். வைட்டமின் ஏ, டி, பி12, இரும்பு, மூளைக்கும் கல்லீரலுக்கும் வேண்டிய கோலின், கண்ணுக்கு நல்லதான லூட்டின் எல்லாம் மஞ்சள்கருவில்தான் குடியிருக்கின்றன. புரதத்திலும் கிட்டத்தட்டப் பாதி அங்கேதான். சுவருக்குப் போனதைவிட நல்ல பாகம் அந்தப் பிள்ளைகளுக்குப் போயிருக்கிறது.

ஐம்பது கிராம் எடையுள்ள ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதமும் எழுபது சொச்சம் கலோரியும் இருக்கின்றன. நீங்கள் பதிலாகக் கொடுக்கப்போகும் வாழைப்பழத்தில் புரதம் ஒரு கிராமைச் சுற்றித்தான். பழத்தை நான் குறை சொல்லவில்லை. பொட்டாசியம் இருக்கிறது, நார்ச்சத்து இருக்கிறது, முட்டையில் நார்ச்சத்தும் கிடையாது, வைட்டமின் சியும் கிடையாது. பழத்தைத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் "பதிலாக" என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சட்டை கேட்டவனுக்குப் பதிலாகச் செருப்பு கொடுத்த கதை இது. இரண்டுமே வேண்டியதுதான், ஒன்றின் இடத்தில் இன்னொன்று நிற்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எடைத் தராசு வைத்து, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஒரு நாளில் சாப்பிடுவதைக் கணக்குப் போட்டேன். காலை பொங்கல், மதியம் சாம்பார் சோறு, ரசம், ஒரு கூட்டு, ராத்திரி இட்லி அல்லது உப்புமா. அரிசியாக எடுத்தால் முந்நூறு கிராம், பருப்பு எல்லாம் சேர்த்து நாற்பது கிராம் தேறவில்லை. இதில் வரும் புரதம் முப்பது, முப்பத்திரண்டு கிராம். அந்த வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு நாற்பத்து மூன்று கிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. பத்துப் பன்னிரண்டு கிராம் துண்டு விழுகிறது. அதில் பாதியை ஒரே ஒரு முட்டை நிரப்பிவிடும். அதுமட்டுமில்லை. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைச்சல், முட்டையில் அது தாராளம். சோற்றோடு முட்டையைச் சேர்க்கும்போது சோற்றின் புரதமும் உடம்புக்கு இன்னும் நன்றாகப் பயன்படும். பி12 என்பது அரிசி, பருப்பு, காய், கீரை எதிலும் இல்லை. பால், தயிர், முட்டை, மீன், கறி என்றுதான் அதற்கு வழி. நம் விடுதியில் பால் என்பது டீயில் விழும் பால்தான் என்பது உங்களுக்கும் தெரியும்.

முட்டை தின்றால் ரத்தசோகை ஓடிப்போகும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு முட்டையில் ஒரு மில்லிகிராம் அளவுக்குத்தான் இரும்பு, அதையும் உடம்பு முழுசாக உறிஞ்சாது. வாராவாரம் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்க வைப்பதற்கு முட்டை ஈடாகாது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் நூற்றுக்கு ஐம்பத்தொன்பது பேருக்கு ரத்தசோகை என்று வந்திருக்கிறது. நம் விடுதியில் மாடிப்படியில் ஏறி மூச்சு வாங்கி நிற்கும் பிள்ளைகளை நான் எண்ணத் தொடங்கினால் எனக்குத் தூக்கம் வராது. மருந்தாகாது என்றாலும், இந்த நிலையில் இருக்கும் பிள்ளையின் தட்டிலிருந்து எடுக்கக்கூடிய கடைசிப் பொருள் முட்டை.

பக்கத்துத் தெருவில் அரசுப் பள்ளி இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைக்குப் பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முட்டை, வாரம் ஐந்து. நம் பள்ளி சுயநிதிப் பள்ளி என்பதால் அரசு சத்துணவு இங்கே கிடையாது, விடுதியில் கொடுக்கும் மூன்றுதான். கட்டடம் நம்முடையது பெரிசு, சீருடை நம்முடையது அழகு. முட்டை அவர்களுக்கு ஐந்து, நமக்கு மூன்று, இனிமேல் சைபர்.

அந்த ஐந்து முட்டை ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு தொடங்கியபோது முட்டை கிடையாது. 1989-ல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. 1998-ல் வாரம் ஒன்று. 2006-ல் இரண்டு, 2007-ல் மூன்று, 2010-ல் ஐந்து. அதற்கப்புறம் ஜெயலலிதா காலத்தில் கலவை சாதமும் மசாலா முட்டையும் வந்தது. கட்சி மாறியது, ஆட்சி மாறியது. அவர் கொடுத்ததை இவர் நிறுத்தினார் என்று எத்தனையோ விஷயத்தில் பார்த்திருக்கிறோம். முட்டையில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை, கூட்டிக்கொண்டுதான் போனார்கள். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் என்ற ஏற்பாடும் அங்கே உண்டு. நீங்கள் அந்தப் பழத்தை மட்டும் பிடித்துக்கொண்டு முட்டையை விட்டுவிட்டீர்கள்.

1989-ல் எங்கள் மையத்துக்கு முதல் முட்டை வந்த நாளை என்னால் மறக்க முடியாது. அதுவரை என் வீட்டில் நான் ஒரே நேரத்தில் ஆறு முட்டைக்கு மேல் அவித்ததில்லை. அன்று நூற்று நாற்பது. கொதிக்கிற தண்ணீரில் அப்படியே கொட்டினேன். பாதிக்கு மேல் வெடித்து வெள்ளை நூல் நூலாக மிதந்தது. ஆயாவும் நானும் கையைச் சுட்டுக்கொண்டு உரித்தோம். முட்டை புதுசு, ஓட்டோடு வெள்ளையும் பிய்ந்து வந்தது. பச்சைத் தண்ணீரில் போட்டு மெதுவாகச் சூடேற்ற வேண்டும், புது முட்டை உரிக்க வராது, இரண்டு மூன்று நாள் இருந்ததுதான் நழுவி வரும் என்பதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது. முதல் வகுப்புப் பையன் ஒருவன், அந்தச் சிதைந்த முட்டையைக் கையில் வாங்கி, தின்னாமல் முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். "தின்னுடா" என்றேன். "தீந்துருமே டீச்சர்" என்றான். என்னையும் அவர்கள் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்கப்புறம் முட்டை போடும் நாளில் வருகைப் பதிவேட்டில் எத்தனை பேர் கூடுதலாக வந்தார்கள் என்பதை நான் தலைமையாசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை, அரிசி அளக்கும்போதே தெரியும்.

சரி, நீங்கள் சொன்ன காரணங்களுக்கு வருகிறேன்.

"முட்டை சூடு, பொம்பளைப் பிள்ளைகளுக்கு ஆகாது" என்று ஓர் ஆச்சி சொன்னார்கள். ஆச்சி, நீங்களும் நானும் இந்த ஊர்ப் பெண்கள். பிள்ளை வயசுக்கு வந்தால் நம் பக்கத்தில் என்ன கொடுப்போம்? உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை. சூடு என்றால் அந்த நேரத்தில் அதைக் கொடுத்திருப்பார்களா? அந்தப் பழக்கத்தில் எனக்கு ஒரே ஒரு குறைதான். பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றுவது வேண்டாம். பச்சை வெள்ளைக்கருவில் இருக்கும் அவிடின் என்ற புரதம் பயோட்டின் சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும், சால்மொனெல்லா கிருமி இருந்தால் வயிற்றையும் கெடுக்கும். பச்சையாகக் குடித்தால் புரதத்தில் பாதிதான் செரிக்கிறது, அவித்தால் பத்தில் ஒன்பது பங்கு செரிக்கிறது. அவித்துக் கொடுத்தால் ஒரு குறையும் இல்லை.

"கொலஸ்ட்ரால்" என்றார் இன்னொருவர். ஒரு முட்டையில் நூற்றெண்பது மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரால் இருப்பது உண்மை. 1968-ல் அமெரிக்க இதயச் சங்கம், வாரத்துக்கு மூன்று மஞ்சள்கருவுக்கு மேல் வேண்டாம் என்று சொன்னதும் உண்மை. அந்தப் பயம் உலகம் பூராவும் சுற்றி நம் ஊர் டீக்கடை வரைக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் ரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம் கல்லீரலே செய்கிறது, தட்டிலிருந்து வருவது குறைவு என்பது தெரிந்த பிறகு, 2015-ல் அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டியிலேயே நாளுக்கு முந்நூறு மில்லிகிராம் என்ற கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். சர்க்கரையும் இதய நோயும் இருப்பவர்கள் அவரவர் டாக்டர் சொல்வதைக் கேட்டு நடப்பதுதான் சரி, அதில் எனக்கு வாதம் இல்லை. ஆனால் ஐயா, குழுவில் இருப்பவர்களில் பெரும்பாலோர் என்னைப் போல அறுபதைத் தாண்டியவர்கள். உங்கள் டாக்டர் உங்களுக்கு எழுதிக் கொடுத்ததைப் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் தட்டில் வைக்காதீர்கள். அவளுக்குப் போன வருஷம் தைத்த பாவாடை இந்த வருஷம் முழங்காலுக்கு ஏறிவிட்டது. வளர்கிற உடம்பு அது. இன்னொன்று. மாலையில் இதே கூடத்தில் பிறந்தநாள் கொண்டாட்டம் என்று கேக்கும், எண்ணெயில் பொரித்த பாக்கெட் சிப்ஸும் வருகிறதே, அதை நிறுத்த ஒரு தாளும் ஒட்டப்படவில்லை.

ஜூன் மாதத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு வாந்தி வந்ததைச் சொன்னீர்கள். அது நடந்தது. மறைக்க ஒன்றுமில்லை. கெட்டுப்போன முட்டை உள்ளே போயிருக்கிறது. அந்த வாரம் நான் ஊரில் இல்லை என்பதைச் சாக்காகச் சொல்லவில்லை. அந்த வாரம் முட்டைப் பெட்டியை எங்கே வைத்திருந்தார்கள் என்று யாராவது கேட்டீர்களா? கொல்லைப்புறத் தகரக் கொட்டகையில், நம் ஊர் வெயிலில். அந்த இடத்தில் வைத்தால் முட்டை என்ன, பாலும் கெடும், மாவும் கெடும். வளவுக்குப் பின்னால், வீட்டின் இரண்டாம் கட்டில் இருக்கும் பண்டக அறை, தடிச்சுவர், சித்திரையிலும் குளுகுளு என்று இருக்கும். அங்கே வைக்கச் சொல்லுங்கள். முன்கூட்டியே கழுவி அடுக்க வேண்டாம், ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய படலம் போய்விட்டால் கிருமி சுலபமாக நுழையும். அவிக்கும் முன்பு ஒரு பானைத் தண்ணீரில் போட்டால் போதும். நல்ல முட்டை படுக்கும். பழசானால் உள்ளே காற்றறை பெரிதாகி நட்டுக்குத்தலாக நிற்கும், ரொம்பப் பழசு மிதக்கும். மிதப்பதைத் தூக்கி எறிய ஒரு நொடி. கொதி வந்ததும் பத்து, பன்னிரண்டு நிமிஷம். அதற்கு மேல் போட்டு அவித்தால் மஞ்சளைச் சுற்றி ஒரு பச்சை வளையம் வரும். இரும்பும் கந்தகமும் சேர்ந்து வருவது, விஷம் இல்லை, பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்கு முட்டை தின்றால் தடிப்பு வருகிறது, அவளுக்கு ஒவ்வாமை. அவளுக்குக் கொடுப்பதில்லை. அவள் பெயர் அடுப்படிச் சுவரில் எழுதியிருக்கிறது. ஜாக்கிரதை என்றால் இதுதான். ஒரு நாள் சாம்பாரில் பல்லி விழுந்தால் வருஷம் முழுக்கச் சாம்பாரை நிறுத்துவோமா?

கடைசிக் காரணத்தை யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அதுதான் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன். புதிதாக வந்திருக்கும் நன்கொடையாளர் ஒருவர் ஒரு வருஷ அரிசியை ஏற்றுக்கொள்கிறார், சமையலறை சுத்த சைவமாக இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அவர் மனசில் குறையில்லை. இந்த ஊரில் சைவத்துக்கு எப்போதும் மரியாதை உண்டு. நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில் உள்ள மண். கல்யாணம் என்றால் இலையில் முட்டைகூட விழாது. அதே வீட்டில் மறுநாள் கோழிக் குழம்பு கொதிக்கும், அதையும் யாரும் மறைத்ததில்லை. விடுதியிலும் அந்த ஒழுங்கு இருக்கிறது. செவ்வாய், வெள்ளி, கார்த்திகை, பிள்ளையார் நோன்பு என்று எந்த நாளிலும் முட்டை ஏறியதில்லை. ஞாயிறு, புதன், வியாழன் மட்டும். அதுவும் பெரிய அடுப்படியில் இல்லை. கொல்லையில் தனி அடுப்பு, தனி அண்டா, தனிக் கரண்டி. அறுபத்து நான்கு பேரில் மூன்று பேர் சாப்பிட மாட்டார்கள், அவர்களில் ஒவ்வாமைக்காரப் பிள்ளையும் ஒருத்தி. மூன்று பேருக்கும் சுண்டலும் நிலக்கடலையும் கொடுக்கிறோம். அவர்களைத் தொந்தரவு செய்ததில்லை.

நன்கொடையாளரிடம் இதைச் சொன்னீர்களா? முட்டையில் உயிர் இருக்கிறது என்பது அவர் கவலையாக இருந்தால், பண்ணை முட்டை சேவல் சேராமல் இடுவது, அதில் குஞ்சு வராது என்றும் சொல்லலாம். ஆனால் சாப்பிட மாட்டேன் என்பவரிடம் நான் வாதம் பண்ண மாட்டேன். அது அவரவர் விரதம். அவர் விரதத்தை அறுபத்தொரு பிள்ளைகள் இருக்க வேண்டும் என்பதுதான் புரியவில்லை. அவர் அரிசி பெரிய அடுப்படியில் வேகட்டும், அதில் முட்டை வாடைகூட படாது என்று நான் பொறுப்பேற்கிறேன். அப்படியும் முடியாது, முட்டை வாசலையே மிதிக்கக் கூடாது என்றால், வாழைப்பழத்தோடு முடித்துக்கொள்ளாதீர்கள். தினம் இருநூறு மில்லி பால், ஒரு பிடி நிலக்கடலை, மாலையில் சுண்டல் என்று முழுசாகக் கொடுங்கள். புரதம் சரியாகிவிடும், பாலில் பி12-உம் வரும். அந்தச் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள்.

செலவு என்றதும் ஞாபகம் வருகிறது. அறுபத்தொரு பேருக்கு வாரம் மூன்று என்றால் நூற்று எண்பத்து மூன்று முட்டை. ஒரு பெட்டியில் ஏழு அட்டை, அட்டைக்கு முப்பது, மொத்தம் இருநூற்றுப் பத்து. வாரம் ஒரு பெட்டி. உடைந்தது, மிதந்தது போக மிச்சம் ஆயாமாருக்கு. நாமக்கல் விலை ஏறும் இறங்கும், சராசரியாக ஆறு ரூபாய் வைத்தாலும் பிள்ளைகளுக்கு ஆகும் செலவு வாரம் ஆயிரத்து நூறு ரூபாய். வாழைப்பழமும் ஒன்று ஐந்து ரூபாய்க்குக் குறையாமல்தான் நம் சந்தையில் கிடைக்கிறது. மிச்சம் பிடித்தோம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒருநாள் நீங்கள் யாராவது கொல்லைப் பக்கம் வந்து பாருங்கள். அன்று உடைத்து ஊற்றும் முட்டைக் குழம்பு. சின்ன வெங்காயம், தக்காளி வதங்கி, சோம்பு, மிளகு, தேங்காய் அரைத்து ஊற்றிக் கொதி வந்ததும் தணலைக் குறைத்து, ஒவ்வொரு முட்டையாகச் சட்டியின் ஓரமாக உடைத்து விடவேண்டும். கரண்டி போடக் கூடாது. மூடி வைத்து, எண்ணி ஆறு நிமிஷம் கழித்துத் திறந்தால் வெள்ளை மூடிய மஞ்சள் கண்கள் மாதிரி நிற்கும். ஒரு சட்டிக்கு இருபது. மூன்று சட்டி, ஒன்று கூடுதல். பிள்ளைகள் குளித்துத் தலையை உலர்த்திக்கொண்டே அடுப்பைச் சுற்றி நிற்பார்கள். "எனக்கு உடையாதது பெரியாத்தா" என்று சட்டியில் இருக்கும்போதே குறித்து வைத்துக்கொள்வார்கள்.

அவர்களில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. காளையார்கோவில் பக்கம். அப்பா திருப்பூரில். ஊருக்குப் போகும் சனிக்கிழமைக்கு முன்னால் வரும் வியாழன் முட்டையைத் தின்ன மாட்டாள். டப்பாவில் வைத்துக்கொள்வாள். கண்டுபிடித்துத் திட்டினேன், இரண்டு நாள் வெளியே இருந்தால் கெட்டுப்போகும், வயிற்றுக்கு ஆகாது என்றேன். "தம்பிக்குப் பெரியாத்தா. அவன் அங்கன்வாடி முடிச்சுட்டான், இன்னும் ஸ்கூல் சேக்கல" என்றாள். அதாவது அந்தப் பையன் அங்கன்வாடி முட்டைக்கும் பள்ளி முட்டைக்கும் நடுவில் விழுந்துவிட்டான், அக்கா தன்னுடையதைக் கொண்டுபோய் அந்த இடைவெளியை அடைக்கிறாள். அதற்கப்புறம் ஊருக்குப் போகும் அன்று காலையில் அவளுக்கு ஒன்று தனியாக அவித்துக் கொடுக்க ஆரம்பித்தேன். கணக்கில் அது "உடைந்தது" என்று எழுதப்பட்டிருக்கும். இதற்கு நீங்கள் என்மேல் நடவடிக்கை எடுத்தாலும் சரிதான்.

நான் கேட்பது இவ்வளவுதான். தூணில் ஒட்டிய தாளை எடுங்கள். முதல் தேதிக்குப் பிறகும் வாரம் மூன்று முட்டை தொடரட்டும். அரசுப் பள்ளிக்குச் சமமாக ஐந்தாக்க முடியுமா என்பதை அடுத்த கூட்டத்தில் பேசுங்கள். முட்டைப் பெட்டியைத் தகரக் கொட்டகையிலிருந்து பண்டக அறைக்கு மாற்ற உத்தரவு போடுங்கள், கையோடு கொல்லை அடுப்புக்கு ஒரு கூரையும் போட்டுத் தாருங்கள், ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு சமைக்கிறோம். பிள்ளைகளின் உயரம், எடை, ரத்த அளவை வருஷத்துக்கு இரண்டு தடவை எடுத்து அதே தூணில் ஒட்டுங்கள், பெயர் இல்லாமல் எண்ணிக்கை மட்டும் போதும். சாப்பாட்டில் எதையாவது கூட்டவோ குறைக்கவோ முடிவெடுக்கும் கூட்டத்துக்குப் பிள்ளைகளின் தாய்மார் இருவரையாவது கூப்பிடுங்கள். நன்கொடையாளரிடம் பேசத் தயக்கமாக இருந்தால் என்னை அழைத்துப் போங்கள். கொல்லை அடுப்பையும் தனி அண்டாவையும் அவருக்கு நானே காட்டுகிறேன்.

அப்புறம் ஒன்று. என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற அமைப்பாளர்கள் நான்கு பேரும் நானும் சேர்ந்து, அடுத்த மாதத்துக்கான நான்கு பெட்டிக்குக் கடையில் பணம் கட்டிவிட்டோம். எங்கள் ஓய்வூதியம் எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும், அதனால் ஐந்தாவது பெட்டியை நாங்கள் வாக்களிக்கவில்லை. முதல் பெட்டி முதல் தேதிக்கு அடுத்து வரும் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கொல்லை வாசலுக்கு வரும். காவல்காரரிடம் சொல்லி வையுங்கள், அதைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
விடுதிக் கொல்லை அடுப்பிலிருந்து,
ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர் ஒருத்தி